மெர்சி எழுதிய நியர் மிஸ்

வல்லம் வடகாலில் டிரஸ்ட் நடத்தும் குழந்தைகள் சென்டருக்குப் பொறுப்பு மெர்சிதான். நாற்பத்தொரு வயது, பன்னிரண்டாம் வகுப்பு பாஸ். பார்க்கிறவர்களுக்கு அதட்டிப் பேசுகிறவள் போலத் தெரிவாள். உள்ளுக்குள் சரியான பயந்தாங்கொள்ளி. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வயர் கம்பெனியில் பதினோரு வருஷம் நின்றவள், கடைசி நான்கு வருஷம் லைன் லீடர். அந்தக் கம்பெனி லைனைத் தூக்கிக்கொண்டு வேறு மாநிலம் போனபோது இவளை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போனது. டிரஸ்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் கம்பெனிப் பழக்கம் இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் விரலை நீட்டி நீட்டிப் பிள்ளைகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொள்வாள்.

"இன்னாம்மா, எண்ணிக்கினே கீற. ஸ்டாக்கு கொறையுதா?" என்பாள் சமையலுக்கு இருக்கும் ஞானம்மா.

சென்டரில் பத்தொன்பது பிள்ளைகள். எல்லாம் பக்கத்தில் இருக்கும் பெல்ட் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள். கார்களுக்கு சீட் பெல்ட் செய்கிற கம்பெனி அது. செலவு கம்பெனியுடையது, நடத்துவது டிரஸ்ட். ஏ ஷிஃப்ட் ஆறு மணிக்கு. கம்பெனி பஸ் ஐந்து ஐம்பதுக்கே முனையில் வந்து நிற்கும். ஸ்ரீபெரும்புதூரில் பளபளவென்று பிளே ஸ்கூல்கள் இருக்கின்றன, ஆனால் ஒன்பது மணிக்கு முன்னால் கதவைத் திறக்க மாட்டார்கள். தெற்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் வந்து ஒற்றை அறையில் குடியிருக்கும் பெண்கள், விடியுமுன் பிள்ளையை வேறு யாரிடம் கொடுப்பார்கள்? இந்தக் கதவு மூடினால் பத்தொன்பது பெண்கள் வேலையை விட வேண்டியதுதான். மெர்சியும் ஞானம்மாவும் சேர்த்து இருபத்தொன்று.

கம்பெனிகளில் நியர் மிஸ் என்று ஒன்று உண்டு. விபத்து நடந்திருக்க வேண்டும், யார் செய்த புண்ணியமோ நடக்கவில்லை. அதற்குத்தான் அந்தப் பெயர். தரையில் எண்ணெய் சிந்தி ஒருத்தி வழுக்கினாள், விழவில்லை. மேலேயிருந்து ஸ்பேனர் விழுந்தது, தலையில் படவில்லை. அதை மஞ்சள் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஆளுக்கு மாசம் இரண்டு கட்டாயம். எழுதாவிட்டால், "மாசம் பூரா கண்ண மூடிக்கினா வேல செஞ்ச?" என்று சூப்பர்வைசர் கேட்பார். அந்தப் பேச்சுக்கு பயந்து நடக்காததை நடந்ததாக எழுதிப் போடுகிறவர்களும் உண்டு. மெர்சிக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை. நாலாபக்கமும் ஆபத்து அவள் கண்ணுக்கு உண்மையிலேயே தெரியும். இரண்டு தடவை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு, கைதட்டி, டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். பயந்த சுபாவத்துக்கு ஊரில் யாராவது கைதட்டுவார்களா? கம்பெனி தட்டியது. அதனால் அவளுக்கு எழுதிவிட்டால் போதும், பாதி பாரம் இறங்கிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தே முக்கால் மணிக்கு தண்ணீர் கேன்காரர் வந்தார். ஞானம்மா கேட்டைத் திறந்து, நிறை கேனை உருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். காலி கேன்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவர் கேட்டை இழுத்துச் சாத்தினார். கொண்டி விழவில்லை. மெர்சி உள்ளே ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு எண்ண வேண்டியவள், என்ன தோன்றியதோ, முன்கூட்டியே எண்ணினாள். பதினெட்டு வந்தது. மறுபடி எண்ணினாள். பதினெட்டுதான்.

சென்டரிலிருந்து இருபது அடியில் தார் ரோடு. ஒரகடம் போகிற கன்டெய்னர் லாரிகள் திரும்பும் வளைவு அது. திரும்பும்போது பின் சக்கரம் ஓரத்து மண்ணில் ஏறி இறங்கும். அந்த மண்ணில் தன்ஷிகா நின்றிருந்தாள். இரண்டரை வயது. ஒரு செருப்பு காலில், ஒன்று கையில். ஒரு லாரி அப்போதுதான் திரும்பிப் போயிருந்தது, புழுதிகூட அடங்கவில்லை. புதிதாகப் பதிந்த சக்கரத் தடத்துக்கும் பிள்ளையின் காலுக்கும் ஒரு முழம் இருக்கும். பிள்ளை போகிற லாரிக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

மெர்சி வாரி எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கேட்டைச் சாத்தி, அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். புடவை நனைந்திருந்தது. தண்ணீர் கேன் சிந்தியது என்று ஞானம்மாவிடம் சொன்னாள். அது தண்ணீர் இல்லை.

தன்ஷிகாவின் அம்மா கவிப்பிரியா, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். புருஷன் பேச்சிராஜுக்கும் ஏ ஷிஃப்ட்தான், வேறு கம்பெனி. மூன்று மணிக்கு வந்தவள் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, "எக்கா, இன்னைக்கு சேட்ட ரொம்பவோ?" என்று கேட்டாள். மெர்சி சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்த வார்த்தை வேறு.

"நல்லா இருந்துச்சு கவி. சோறெல்லாம் துண்ணுச்சு."

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளை என்பது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பெல்ட் கம்பெனிக்கு மாச ரிப்போர்ட் அனுப்புகிற நாள். அதற்கான படிவம் கம்பெனி கொடுத்தது. தங்கள் தொழிற்சாலைப் படிவத்தையே தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். 'உற்பத்தி' இருந்த இடத்தில் 'குழந்தைகள்'. கீழே விபத்து, நியர் மிஸ், எடுத்த நடவடிக்கை என்று மூன்று கட்டம். மூன்று வருஷமாக மூன்றிலும் 'இல்லை' என்றே போயிருந்தது. டிரஸ்ட் நடத்தும் மற்ற சென்டர்களிலிருந்தும் 'இல்லை'தான். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் மெர்சியின் கை தானாக ஓடியது. 'காலை 10.50. கேட் கொண்டி சரியாக விழவில்லை. ஒரு குழந்தை வெளியே சென்றது. இரண்டு நிமிடம். காயம் இல்லை. காரணம்: தடுப்பு இல்லை, மனிதக் கவனத்தை மட்டும் நம்பிய முறை.' வயர் கம்பெனி கற்றுக்கொடுத்த நடை. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, மூன்று நாளில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை டிரஸ்டை நடத்தும் கண்ணப்பன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாலு சென்டர்களையும் தன் முதுகில் சுமக்கிற மனிதர். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, போனில் அந்தச் சீட்டைக் காட்டினார்.

"யாரைக் கேட்டும்மா எழுதின?"

"ஃபாரத்துல கட்டம் இருந்துச்சு சார்."

"கட்டம் இருந்தா ரொப்பிடுவியா?" அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மெர்சிக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. "மெர்சி, நீ இருந்தது கம்பெனி. அங்க ஒரு தப்பை எழுதினா லைனைச் சரி பண்ணுவாங்க, லைனை மூட மாட்டாங்க. ஏன்னா அதுலதான் சரக்கு வருது. நம்மகிட்ட என்ன சரக்கு இருக்கு? நல்ல பேரு ஒண்ணுதான். அதுல கீறல் விழுந்தா யாரும் உக்காந்து சரி பண்ண மாட்டாங்க. நம்மளை எடுத்துட்டு வேற டிரஸ்டைப் போடுவாங்க. இல்லாட்டி சென்டரே வேணாம்னுடுவாங்க. அவங்களுக்கு பெல்ட்டு தொழில். நாம அவங்க செய்யற நல்ல காரியம். நல்ல காரியத்துல வம்பு வந்தா எவன் வெச்சுக்குவான், சொல்லு."

இந்தக் கணக்கு மெர்சியின் மண்டையில் அதுவரை ஏறவே இல்லையே. கட்டம் ஒன்றுதான், காகிதமும் ஒன்றுதான். கம்பெனி கேட்டுக்கு அந்தப் பக்கம் எழுதினால் டிபன் பாக்ஸ், இந்தப் பக்கம் எழுதினால் கதவுக்குப் பூட்டு.

"வியாழக்கிழமை வராங்க. சேஃப்டி ஆபீசரும் கூட வராராம். பயிற்சிக்காக எழுதிப் பார்த்ததுன்னு சொல்லிடு."

"பொய்யா சார்?"

"பத்தொம்பது பிள்ளைங்க மெர்சி." எழுந்தவர் திரும்பினார். "அந்தப் பிள்ளையோட அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல சார்."

கண்ணப்பன் ஒரு பெருமூச்சு விட்டார். நிம்மதிப் பெருமூச்சு. கெட்ட மனிதர் இல்லை அவர். சொந்த மகள் கல்யாணத்தைத் தள்ளிவைத்து சென்டர் வாடகையைக் கட்டியவர். இருந்தும் அந்தப் பெருமூச்சைக் கேட்டதும் மெர்சிக்கு உடம்பு கூசியது.

செவ்வாயும் புதனும் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. அரை மணிக்கு ஒரு தரம் எண்ணியவள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எண்ணினாள். கொண்டி போதாதென்று நைலான் கயிறு கொண்டு கேட்டைக் கட்டினாள். பால் பாக்கெட் போட வந்தவர் கால் மணி நேரம் வெளியே நின்று திட்டினார். லாரி ஹாரன் அடித்தால் கையிலிருக்கும் கிண்ணம் நழுவியது. காலையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு பஸ்சைப் பிடிக்க ஓடும் பெண்களின் முதுகைப் பார்க்கும்போது, அடுத்த வாரம் இந்த நேரம் இவர்கள் எங்கே நிற்பார்கள் என்ற நினைப்பு வந்தது. கவிப்பிரியா வந்தால் மட்டும் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்குவதில் மும்முரமாக இருந்தாள்.

ஞானம்மாவின் பயம் ஞானம்மாவுக்கு.

"எம் பேரு போட்டுக்கிறியா அதுல?"

"போடல."

"அப்போ யாரு தொறந்ததுன்னு கேட்டா?"

"நான்தான்னு சொல்றேன்."

"எழுதாங்காட்டி இன்னாம்மா ஆயிருக்கும்? பாத்தது நீயும் நானுந்தானே. சாமியே காப்பாத்திக் குடுத்துச்சு, நீ போய் பேப்பர்ல போட்டுக் கெடுத்துக்கின."

மெர்சி போய் கேட்டுக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வெள்ளை கார் வந்தது. முதலில் இறங்கியவன் ஹேமந்த். கம்பெனியில் இந்த மாதிரி நல்ல காரியங்களைப் பார்த்துக்கொள்கிற முப்பது வயதுக்காரன், எதற்கும் சிரித்த முகம். பின்னால் சேஃப்டி ஆபீசர் சுப்பிரமணி, நரைத்த தலை, சட்டைப் பையில் அளக்கும் டேப். மெர்சி முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணப்பன் முந்திக்கொண்டார். "அது வந்து சார், ஸ்டாஃபுக்கு ஒரு பயிற்சி மாதிரி..."

சுப்பிரமணி நிமிரவில்லை. சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். "'மனிதக் கவனத்தை மட்டும் நம்பிய முறை'. இதை எழுதினது யாரு?"

"நான் சார்."

"லைன்ல இருந்தீங்களா?"

"பதினோரு வருஷம் சார்."

"அப்போ உங்களுக்குத் தெரியும். இது நடந்ததா, இல்லையா?"

கண்ணப்பன் அவளையே பார்த்தார். பயிற்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெர்சியின் பார்வை பிள்ளைகள் பக்கம் போனது. பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கிவிட்டாள். தன்ஷிகா ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளையும் சேர்த்துப் பத்தொன்பது.

"நடந்துச்சு சார்."

கண்ணப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முடிந்தது கதை என்று மெர்சி நினைத்தாள். சுப்பிரமணி கேட்டுக்குப் போனார், குனிந்தார், டேப்பை இழுத்தார்.

"கொண்டி எண்பது சென்டிமீட்டர்ல இருக்கு. பிள்ளைக்கு எட்டுற உயரம். மேல தூக்கணும். உள்ளாற இன்னொரு கேட். நாளைக்கு ஃபிட்டர் வருவான்." சீட்டில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது, முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வந்து பன்னிரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஹேமந்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மேடம், எல்லா சென்டர்லேருந்தும் 'இல்லை', 'இல்லை'ன்னுதான் வருது. ஃபர்ஸ்ட் டைம் ஒருத்தர் எழுதியிருக்கீங்க. நாளைக்கு எங்க கேன்டீன் போர்டுல போடறோம், பெஸ்ட் நியர் மிஸ். கொஞ்சம் ஸ்மைல் பண்ணுங்க." போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கார் மறைந்ததும் கண்ணப்பன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பொழைச்சோம் மெர்சி. உன் வாய்க்கு நான் செத்தேன்னு நெனச்சேன்."

மெர்சி சிரிக்கவில்லை. "போர்டுல போட்டா அம்மாங்கோ படிப்பாங்கோ சார்."

"பேரு இல்லையே. ஒரு குழந்தைன்னுதானே இருக்கு?"

"பத்தொம்பது பேரும் எம்புள்ளையான்னு கேப்பாங்கோ."

"கேட்டா பேரு சொல்லாத. கம்பெனியே முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டாச்சு, நீ ஏன் தோண்டற?"

அவர் போன பிறகுதான் மெர்சிக்கு உறைத்தது. வயர் கம்பெனியில் அவள் எழுதிய சீட்டெல்லாம் தனக்கோ பக்கத்தில் நின்றவளுக்கோ வர இருந்த ஆபத்து. ஆபத்து யாருக்கோ, அவர்களுக்கு அது தெரியும். இங்கே வர இருந்தது இன்னொருத்தி பிள்ளைக்கு. காகிதம் மேலே போயிற்று, மேலேயிருந்து கையெழுத்தும் திரும்பி வந்தாயிற்று. பெற்றவளிடம் மட்டும் போகவில்லை. கம்பெனிக்குப் பயந்து இத்தனை நாள் நடுங்கினாளே, அந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை. பயப்பட வேண்டிய ஆள் மூன்று மணிக்கு வருவாள்.

கவிப்பிரியா வழக்கம்போல அவசரமாக வந்தாள்.

"கவி, செத்த உக்காரு."

"துணி ஊறப்போட்டுட்டு வந்திருக்கேன்க்கா. என்ன விசயம்?"

மெர்சி நின்றபடியே சொன்னாள். கேன்காரரையும், கொண்டியையும், பதினெட்டையும், லாரித் தடத்தையும், ஒரு முழத்தையும் விடாமல் சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னாள். கவிப்பிரியா அழவில்லை, கத்தவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளையின் ஒரு காலைப் பிடித்து விரல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எத்தன நிமிசம்?"

"ரெண்டு."

அவள் உதடு அசைந்தது. "எட்டு பக்கிள்," என்றாள். மெர்சிக்குப் புரிந்தது, பெல்ட் லைனில் பதினைந்து செகண்டுக்கு ஒரு பக்கிள். "நான் பாட்டுக்கு எட்டு பக்கிள் மாட்டிட்டு நின்னுருக்கேன்."

மெர்சி தலை குனிந்தாள்.

"ஒம்பது நாளா இவள எங்கையில தூக்கித் தந்தீங்களேக்கா. ஒண்ணும் நடக்காத மாதிரி எப்படித் தந்தீய?"

"பயந்துட்டேன் கவி. வேல போயிடும்னு, சென்டர மூடிடுவாங்கோன்னு. நீ இன்னா சொல்வியோன்னு."

"நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் கவிப்பிரியா. பையை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பது மெர்சியின் பதினோரு வருஷ அனுபவம். இந்தத் தடவை இறங்கவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கெல்லாம் பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தே முக்காலுக்குப் பதினெட்டு. பஸ் முனையில் வந்து ஹாரன் அடித்தது. இனி வர மாட்டாள் என்று மெர்சி உள்ளே திரும்பியபோது, கவிப்பிரியா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. பிள்ளையை நீட்டினாள், மெர்சி வாங்கினாள், ஆனால் நீட்டியவள் கையை எடுக்கவில்லை.

"எக்கா, அவுககிட்ட நான் சொல்லல," என்றாள் அடங்கிய குரலில். "சொன்னா வேலைய விட்டுட்டு வீட்டுல கெடன்னுவாக. விட்டா வீட்டு வாடகைக்கு எங்க போக? இன்னைக்கு போர்டப் பாத்துட்டு எல்லாரும் யாரு பிள்ளன்னு கேப்பாக. அவுக கூட்டாளிமாரு பொண்டாட்டிக ரெண்டு பேரு எங்க லைன்ல இருக்காக. நீங்க யாருகிட்டயும் சொல்லிராதீங்க. ஒங்களக் கும்பிடுதேன்."

மெர்சி அவளைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்து நாளாகத் தினமும் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

"சொல்ல மாட்டேன் கவி."

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. கவிப்பிரியா கையை எடுத்துக்கொண்டு ஓடினாள். தன்ஷிகா அவள் போன பக்கம் பார்த்து டாட்டா காட்டினாள்.